ஸ்பானிஷ் நிரலாளர்களுக்கு ஒரு கூடம்: கேட்பவர் பலர், பதில் சொல்பவர் யார்?

நிரல் எழுதும்போது சிக்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் கதவு தட்டும் இடம் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008இல் தொடங்கிய இந்தக் கேள்வி-பதில் தளத்தில் பல ஆண்டுகள் ஆங்கிலம் மட்டுமே செல்லுபடியானது. நிரலாளர்களின் பொதுமொழி ஆங்கிலம்தான், பதில்கள் பல மொழிகளில் சிதறிவிடக் கூடாது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். 2014இல் போர்த்துகீசியப் பதிப்பு வந்தபோது அந்த விதி தளர்ந்தது. 2015 டிசம்பரில் ஸ்பானிஷ் பதிப்பும் திறந்தது. இருபது நாடுகளின் ஆட்சிமொழியாக இருக்கும் ஸ்பானிஷுக்குத் தனிக் கூடம் ஏன் தேவைப்பட்டது? அதை நடத்துவது ஏன் எளிதாக இல்லை?

ஆங்கிலம் தெரிந்தால் போதாதா?

நிரல்மொழிகளில் வரும் ஆங்கிலச் சொற்கள் சில டஜன்தான். அவற்றை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு பதிலையும் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். சிரமம் கேள்வி கேட்பதில் இருக்கிறது. என்ன செய்ய நினைத்தேன், எந்த வரியில் நின்றது, அதற்குள் என்னென்ன முயன்றுபார்த்தேன் என்பதையெல்லாம் பிசிறில்லாமல் எழுத வேண்டும். குழப்பமாக எழுதப்பட்ட கேள்விக்கு எதிர்வாக்கு விழும். கேள்வியே மூடப்படவும் கூடும். நிரலில் தேர்ந்து ஆங்கிலத்தில் தடுமாறுபவருக்கும் அங்கே கிடைப்பது ‘அரைகுறை’ என்ற பெயர்தான்.

ஸ்பானிஷ் உலகுக்கே உரிய கேள்விகள் உண்டா?

உண்டு. ஸ்பெயினின் தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்து சும்மா ஒட்டப்பட்டதல்ல. எண்ணை 23ஆல் வகுத்து, வரும் மீதியை ஒரு பட்டியலில் பார்த்தால் எழுத்து கிடைக்கும். 12345678 என்ற எண்ணுக்கு மீதி 14. அதற்குரிய எழுத்து ‘இசட்’. பயனர் தப்பான எண்ணைத் தட்டினால் உடனே கண்டுபிடிக்கும் நிரலை ஸ்பெயினில் பாடம் படிக்கும் மாணவரும் எழுதுகிறார், வங்கிக்கு வேலை செய்பவரும் எழுதுகிறார்.

மெக்சிகோவில் வரித்துறை வகுத்த வடிவில் மின்விலைப்பட்டியலை உருவாக்க வேண்டும். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் தசமத்துக்குக் காற்புள்ளி, மெக்சிகோவில் புள்ளி. அதனால் 1.250 என்று எழுதினால் மாட்ரிட்டில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, மெக்சிகோ நகரில் ஒன்றேகால். கோப்பை ஓர் எழுத்துக் குறியீட்டில் சேமித்து வேறொன்றில் திறந்தால், தலையில் அலைக்கோடு போட்ட ‘எஞ்ஞே’ என்ற எழுத்து இரண்டு கிறுக்கல்களாக உடைந்து நிற்கலாம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை அமெரிக்க நிரலாளரின் மேசைக்கு வருவதே இல்லை.

தளத்தைத் திறந்தது யார்?

ஸ்டேக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் தானாகக் கதவைத் திறந்துவிடவில்லை. ‘ஏரியா 51’ என்ற முன்மொழிவுத் தளத்தில் ஆதரவு திரட்ட வேண்டியிருந்தது; பங்கேற்பதாக உறுதி தருபவர்கள் போதுமான அளவு சேர வேண்டியிருந்தது. பிறகு உறுதி தந்தவர்களுக்கு மட்டுமான சோதனைக் கட்டம், அதன்பின் பொதுச் சோதனை. பொத்தான்கள், அறிவிப்புகள் உள்ளிட்ட இடைமுகத்தை மொழிபெயர்ப்பதிலும் பயனர்கள் கைகொடுத்தார்கள். பதில்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு ஆங்கிலப் பதிலை ஸ்பானிஷில் தரவும் தடையில்லை.

ஒழுங்கைக் காப்பது புள்ளிகள். நல்ல பதிலுக்கு ஒரு வாக்கு விழுந்தால் பத்துப் புள்ளி. ஆதரவு வாக்களிக்கப் பதினைந்து, பிறர் பதிவில் கருத்திட ஐம்பது. புள்ளி கூடக்கூடப் பிறர் பதிவைத் திருத்தவும் கேள்வியை மூடவும் அதிகாரம் கிடைக்கும். புதியவர்களுக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். ஆனால் வந்தவரெல்லாம் விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகாமல் தடுப்பதும் இதுவே.

எங்கே இடறுகிறது?

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை, பதில் சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம். பத்தாண்டு அனுபவமுள்ள கொலம்பிய நிரலாளருக்குப் பெரும்பாலும் அதற்குள் ஆங்கிலம் கைவந்திருக்கும். அதே பதிலை ஆங்கிலத்தில் எழுதினால் உலகமே படிக்கும், புள்ளியும் கூடுதல், வெளிநாட்டு வேலைக்கும் உதவும். அவர் அங்கே போய்விட்டால் ஸ்பானிஷ் தளத்தில் தொடக்கநிலையாளர்கள் மட்டுமே எஞ்சுவார்கள். பதில் வராத தளத்துக்கு அவர்களும் திரும்பி வர மாட்டார்கள். மொழிபெயர்ப்பால் தொடக்கச் சரக்கை நிரப்பலாம்; அனுபவசாலியைத் தங்கவைக்க வேறு பிடிமானம் வேண்டும்.

அர்ஜென்டினாவின் பைத்தான் நிரல்மொழிக் குழுவான ‘பைஆர்’ அதற்கு ஒரு வழி காட்டுகிறது. 2004இல் தொடங்கிய இந்தக் குழு மின்னஞ்சல் பட்டியலோடு நிற்கவில்லை. 2008இல் கோர்டோபா மாகாணத்தின் லோஸ் கோகோஸில் ‘பைகேம்ப்’ நடத்தியது. ஒரே கூரையின் கீழ் சில நாள் தங்கி, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, சேர்ந்து நிரல் எழுதும் முகாம் இது. மறு ஆண்டு நாட்டின் முதல் பைத்தான் மாநாடு நடந்தது. ஸ்பானிஷ் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலே படிக்க உதவும் ‘சிடிபீடியா’ இந்தக் குழுவின் ஆக்கம். இணைப்பு எட்டாத பள்ளிகளை மனதில் வைத்துச் செய்தது. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களை இன்று ஸ்பானிஷில் படிக்க முடிவதும் பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பால்தான். முகம் தெரிந்தவர் கேட்டால் மூத்தவர் நேரம் ஒதுக்குவார். கூட்டு வேலையில் பெயர் பதிந்தவர் சீக்கிரம் விலகிப்போக மாட்டார்.

நிலப்பரப்பும் ஒரு பலம். மாட்ரிட்டுக்கும் மெக்சிகோ நகருக்கும் இடையே ஏழெட்டு மணி நேர வித்தியாசம். ஸ்பெயின் உறங்கப் போகும் நேரத்தில் மெக்சிகோவில் இன்னும் அலுவலக வேலை முடிந்திருக்காது; அங்கே இரவில் எழும் கேள்விக்கு இங்கே பதில் சொல்ல ஆள் விழித்திருப்பார்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இது தேவையா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஸ்டேக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் கேள்விகள் வெகுவாகக் குறைந்தன. இயந்திரம் ஸ்பானிஷிலேயே பதில் தருகிறது, எதிர்வாக்கு போடுவதில்லை. கேட்கக் கூச்சப்பட்ட புதியவருக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இயந்திரம் கற்றதே மனிதர்கள் பொதுவெளியில் எழுதிவைத்தவற்றிலிருந்துதான். மெக்சிகோ மின்விலைப்பட்டியலின் 4.0 பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. இப்படி ஒரு விதி மாறும்போதெல்லாம், எந்தப் புலம் புதிது, எந்தப் பிழைச் செய்திக்கு என்ன பொருள் என்பதை யாராவது பட்டறிந்து முதலில் எழுத வேண்டும். அரட்டைப் பெட்டிக்குள் தீர்ந்த சிக்கலின் விடை அடுத்தவர் கண்ணுக்குப் படாது.

ஆகவே இத்தகைய கூடத்தின் பலத்தை உறுப்பினர் எண்ணிக்கையால் அளந்து பயனில்லை. கேள்வி கேட்க வந்தவர்களில் எத்தனை பேர் பின்னாளில் பதில் எழுதத் திரும்பினார்கள் என்பதுதான் கணக்கு. அந்தத் திரும்பலுக்காக எத்தனை முகாம், எத்தனை கூட்டுப்பணி நடக்கிறது என்பதை நடத்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.