வேலையும் மாத்திரையும் ஒரே ரத்தத்தில்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைத் தொழிலாளிக்குத் தூக்கம் கெடுகிறது. தொட்டதற்கெல்லாம் எரிச்சல், மறதி, அடிக்கடி வயிற்றுவலி. இந்தத் தொல்லைகளோடு மனநல மருத்துவரிடம் போனால் மனச்சோர்வு மாத்திரை எழுதப்படலாம். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று யாரும் கேட்காமல் விட்டால், ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் ஈயம் தெரியவே தெரியாது.

உள்ளே போன பொருளையோ, அது உடலில் செய்த மாற்றத்தையோ காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை பயோமார்க்கர் என்கிறார்கள். தொழிற்சாலை ரசாயனத்தை ஒரு துறையும் மனநல மருந்தை இன்னொரு துறையும் பார்க்கின்றன. உடம்பு ஒன்றுதான் என்பது இந்தப் பிரிவினையில் மறந்துபோகிறது.

எலும்பில் தங்கும் ஈயம்

ரத்தத்தில் ஈயத்தின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆனால் பெரியவர்களின் உடலில் சேரும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் போய்த் தங்கி, பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். அங்கிருந்து சிறிது சிறிதாக ரத்தத்துக்குத் திரும்பும். வேலையை விட்ட பிறகும் அளவு முழுதாக இறங்காததன் காரணம் இதுதான். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வழிகாட்டுதல்.

மருந்தடிப்பவரின் 'நார்மல்'

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமை முடக்குகின்றன. நரம்பு தசைக்குச் செய்தி சொன்னதும் அந்தச் செய்தியை அழிப்பது இந்த என்சைமின் வேலை. அது குறைந்தால் வியர்வை, எச்சில், தலைவலி, மங்கலான பார்வை, கடைசியில் மூச்சுத் திணறல்.

இதை ரத்தத்தில் அளந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். இயல்பிலேயே அளவு அதிகமுள்ள ஒருவர் அதில் மூன்றில் ஒரு பங்கை இழந்த பிறகும் ஆய்வகச் சீட்டில் 'நார்மல்' என்றே வரலாம். அதனால் மருந்தடிக்கும் பருவம் தொடங்குமுன் அவருடைய சொந்த அளவை எடுத்து வைத்து, பின்னால் வருவதை அதோடு ஒப்பிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 1974 முதல் இப்படித்தான் செய்கிறார்கள். முதல் அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை முறையைச் சோதிப்பார்கள். சிவப்பணுவில் 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மாவில் 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்தே விலக்கி வைப்பார்கள். நம் ஊரில் தெளிப்பானைத் தோளில் மாட்டும் கூலித் தொழிலாளிக்கு அந்த முதல் அளவே பெரும்பாலும் எடுக்கப்படுவதில்லை. முதலில் மாற வேண்டியது இதுதான்.

லித்தியமும் வெயிலும்

இருதுருவ மனநோய்க்கு லித்தியம் பயன்படும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். இன்றும் அதற்கு ஈடான மருந்துகள் குறைவு. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்கே இந்தக் கணக்கு பொருந்தும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனால் வரும் எண் தவறாக வழிகாட்டும்.

செங்கல் சூளை, வார்ப்படப் பட்டறை, சாலைப்பணி என்று வெக்கையில் வேலை செய்பவர் லித்தியம் சாப்பிட்டால் கூடுதல் கவனம் வேண்டும். வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் வற்றும்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். உடல்வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் ரத்த அழுத்த மருந்துகள் சிலவும் இதையே செய்யும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, பேதி, நாக்குழறல், தள்ளாட்டம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு மனநல மருந்தான குளோசபின் சாப்பிடுபவருக்கு வெள்ளணு எண்ணிக்கை அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். புகைப்பவர் திடீரென்று சிகரெட்டை நிறுத்தினால் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். புகையை விடுவது நல்ல காரியம்தான், மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விட வேண்டும்.

ஒரு மரபணு, இரு வகைகள்

வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் தரும் கார்பமசெபின், சிலருக்குத் தோல் உரிந்து உயிரையே பறிக்கும் ஒவ்வாமையை உண்டாக்கும். எச்எல்ஏ-பி 15:02 மரபணு வகை உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். சிங்கப்பூரில் 2013 முதல், புதிதாக இம்மருந்து தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு முன்கூட்டியே இந்தச் சோதனை செய்கிறார்கள். அங்குள்ள தமிழர்களும் இதில் அடக்கம்.

என் மனதை அதிகம் பாதித்தது இதற்கு அடுத்த செய்தி. உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன், சீனாவின் குவாங்டாங் தொழிலாளர்கள் சிலருக்கு இதே போன்ற கடும் தோல் நோயையும் ஈரல் பாதிப்பையும் உண்டாக்கியது. அவர்களிடம் அதிகம் காணப்பட்டது எச்எல்ஏ-பி 13:01. இரண்டும் ஒரே மரபணுவின் இரு வகைகள்.

இத்தகைய சோதனைகளைக் காட்டி ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவது அநியாயம். மாற்ற வேண்டியது ரசாயனத்தையும் காற்றோட்டத்தையும்தான்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உங்கள் வேலையையும் அங்கே கையாளும் பொருட்களையும் சொல்லுங்கள். எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். பழைய பரிசோதனைச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எந்த மனநல மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.