ஒரு பானை சோற்றுக்கு சரி, ஒரு டன் பாறைக்கு?

நாரணாபுரம் டீக்கடைகளில் பட்டாசு ஆர்டருக்கு அடுத்தபடியா இப்போ காதில் விழுறது ஷேர் மார்க்கெட் பேச்சுதான். நம்ம கிளாஸ்லயே டீமேட் அக்கவுண்ட் வச்சிருக்கிறவங்க நிறைய. தங்கம் தேடும் ஒரு கம்பெனி, "துளைத்த இடத்தில் 10 மீட்டருக்கு சராசரி 4 கிராம்" என்று ரிசல்ட் விட்டால் ஷேர் விலை துள்ளும். வாங்குறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அந்த 4 கிராம் என்பது ஒரு டன் பாறையில் இருக்கும் தங்கம். இந்தக் கணக்கு குழம்பினால் என்ன ஆகும்னு 2020 பிப்ரவரியில் நாடே பார்த்தது. உத்தரப் பிரதேசம் சோன்பத்ராவில் 3,000 டன் தங்கம்னு செய்தி ஓடியது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் மறுத்தது: இருப்பது 52,806.25 டன் தாது, டன்னுக்கு சராசரி 3.03 கிராம். பெருக்கிப் பாருங்க, சுமார் 160 கிலோ. கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்படுவதற்குள் நூற்றிருபது வருஷத்தில் கொடுத்ததே 800 டன் அளவுதான். அதைத் தெரிஞ்சவங்க யாரும் அந்த 3,000-ஐ நம்பியிருக்க மாட்டாங்க.

சரி, அந்த கிராமை எப்படி அளக்கிறாங்க? பாறையை மாவாக அரைத்து, அதில் 30 கிராமோ 50 கிராமோ எடுத்து, ஈய ஆக்சைடு, சோடா சாம்பல், வெண்காரம் எல்லாம் கலந்து 1,000 டிகிரிக்கு மேல் உருக்குவாங்க. கூடவே கொஞ்சம் கோதுமை மாவு! மாவிலுள்ள கரி, ஆக்சைடை ஈயமாக மாற்றும். தாதுவில் கந்தகம் அதிகம் என்றால் நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லா தெரிஞ்ச வெடியுப்பைச் சேர்ப்பாங்க. உருகிய ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் அள்ளிக்கிட்டு அடியில் இறங்கும். அதை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துப் புடம் போட்டால் ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிக்கும், சின்ன மணி ஒன்று மிஞ்சும். அதில் இருக்கும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு தங்கத்தை அளப்பாங்க. அருமையான முறை. லேப் பெரும்பாலும் தப்பு பண்றதில்லை.

சிக்கல் லேபுக்கு முன்னாடியே இருக்கு. டன்னுக்கு 3 கிராம் என்றால், 30 கிராம் மாவில் இருக்க வேண்டிய தங்கம் 90 மைக்ரோகிராம். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு தங்கத் துகளின் எடை சுமார் 80 மைக்ரோகிராம். அது உங்க 30 கிராமுக்குள் வந்து விழுந்தா ரிசல்ட் கிட்டத்தட்ட இரட்டிப்பு, பக்கத்து 30 கிராமுக்குப் போயிட்டா அந்த ஏற்றம் இருக்காது. அரைத்தாலும் தங்கம் சுலபத்தில் தூளாகாது, தட்டையாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற நம்ம பழமொழி இங்கே செல்லாது. ஆகவே கேளுங்க: அதே சாம்பிளை ரெண்டாம் முறை சோதித்தாங்களா? தங்கமே இல்லாத வெற்றுச் சாம்பிளையும், அளவு ஏற்கெனவே தெரிந்த சாம்பிளையும் லேபுக்குச் சொல்லாமல் நடுவில் நுழைத்தாங்களா?

அடுத்து அந்த "சராசரி". ஒரு மீட்டரில் 31 கிராம், மிச்ச ஒன்பது மீட்டரில் தலா 1 கிராம். இதுவும் 10 மீட்டருக்கு 4 கிராம்தான்! மீட்டர்வாரி அட்டவணை இருக்கான்னு பாருங்க. துளை சாய்வாகப் போனால் தாதுப் படுகை உண்மையைவிடத் தடிமனாகத் தெரியும், வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினா துண்டு நீளமா வர்ற மாதிரி. ஒண்ணும் கிடைக்காத துளைகளைப் பற்றி அறிக்கையில் பேச்சு இருக்கா என்பதும் முக்கியம்.

இதையெல்லாம் கேட்காத கதை கனடாவின் பிரே-எக்ஸ். இந்தோனேசியாவின் புசாங் காட்டில் உலகப் பெரிய தங்கப் படிவம் என்றார்கள், கம்பெனியின் மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தாண்டியது. சாம்பிளில் தங்கம் நிஜமாகவே இருந்தது. யாரோ தூவியது! வழக்கமா துளையிலிருந்து வரும் பாறைத் தண்டை நீளவாக்கில் வெட்டி, பாதியைப் பத்திரப்படுத்துவாங்க. இவங்க பெரும்பாலும் முழுசையும் அரைச்சிட்டாங்க, சரிபார்க்க மிச்சமே இல்லை. துகள்களின் ஓரம் ஆற்றுத் தங்கம் போல உருண்டையா இருந்ததும் அப்போ யாரையும் உறுத்தலை. 1997-ல் ஃப்ரீபோர்ட் கம்பெனி அதே துளைகளுக்குப் பக்கத்திலேயே துளைத்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரலை. 2016-ல் வந்த 'கோல்ட்' படத்துக்கு இந்தக் கதைதான் தூண்டுதல். 2001-ல் கனடா விதியை இறுக்கியது: ரிசல்ட்டுக்குத் தகுதியான நிபுணர் ஒருவர் பெயரோடு பொறுப்பேற்கணும்.

இந்தியாவில் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கணும். மும்பைப் பங்குச் சந்தையில் இருக்கும் டெக்கன் கோல்ட் மைன்ஸ், கர்நாடகாவின் கணஜூரில் தங்கம் தேடி, சுரங்கக் குத்தகைக்கு விண்ணப்பிச்சுப் பல வருஷம் காத்திருந்தது. 2021 கனிமச் சட்டத் திருத்தம் அப்படி நிலுவையில் இருந்த உரிமைகளைக் காலாவதியாக்கியது, அதில் கணஜூரும் சிக்கியது. அங்கே பாறையும் லேபும் அப்படியேதான் இருந்தது. அதனால் ரிசல்ட் பக்கத்தைப் படிச்சு முடிச்சதும், தோண்டுற உரிமை யார் கையில், எந்தத் தேதி வரைக்கும்னு தேடிப் பாருங்க.