தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் ஒரு ஸ்வரம்

பிளஸ் டூ இயற்பியல் படித்தவங்களுக்கு வீட்ஸ்டோன் சமனச்சுற்று மறந்திருக்காது. நாலு மின்தடை, நடுவில் கால்வனாமீட்டர், ஊசி பூஜ்யத்துக்கு வராமல் அடம்பிடித்த செய்முறைத் தேர்வு. அந்தச் சுற்றை முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி, 1833இல். அதைப் பிரபலப்படுத்திய சார்லஸ் வீட்ஸ்டோனின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. அவரே தலைப்பட்டு உருவாக்கிய பொருள் ஒன்று உண்டு, அது மட்டும் நம்ம பாடப்புத்தகத்தில் வராது. அந்தப் பொருள்தான் அஞ்சு வருஷமா என் சாயங்காலங்களைத் தின்றுகொண்டிருக்கிறது: கான்செர்ட்டினா.

பார்க்காதவங்களுக்காக: இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அறுகோணப் பெட்டி. நடுவில் தோலும் அட்டையும் வைத்து மடித்த துருத்தி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். பழைய கார்ட்டூனில் மாலுமி கப்பல் தளத்தில் நின்று இழுத்து இழுத்து வாசிப்பாரே, அதுதான். உள்ளே நம்ம ஆர்மோனியத்தில் இருக்கிற அதே சங்கதிதான், ரீடு. ஒரு முனை பிணைக்கப்பட்ட உலோகத் தகடு, அதற்குக் கீழே ஒரு துளை, காற்று போனால் தகடு அதிரும், சத்தம் வரும். கான்செர்ட்டினாவில் ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு ரீடு உண்டு. ஒன்று துருத்தியைத் தள்ளும்போது பேசும், மற்றது இழுக்கும்போது பேசும். இந்த இரண்டும் ஒரே ஸ்வரமா, வேறு வேறா என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. எனக்கு அது தெரியாமல் போனதால் ஒரு வருஷமும் கொஞ்சம் பணமும் வீணாச்சு.

நான் இருப்பது வட இங்கிலாந்தில். ஞாயிறு சாயங்காலம் எங்க ஊர் பப் ஒன்றில் ‘செஷன்’ நடக்கும். மேடை கிடையாது, மைக் கிடையாது, ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஃபிடில், புல்லாங்குழல், பாஞ்சோ என்று உட்கார்ந்து அயர்லாந்து ட்யூன்களை வாசிப்பாங்க. அங்கே எழுபதைத் தாண்டிய ஒருவர் மடியில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். எங்க அப்பா ஊர் நாடகக் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அந்த ரீடு சத்தம் காதில் விழுந்ததும் வேறு யோசனையே வரலை. அன்று ராத்திரியே இணையத்தில் கிடைத்ததிலேயே மலிவான சிவப்புப் பெட்டி ஒன்றை வாங்கினேன். இருபது பொத்தான்.

ஆறு மாசம் போராடினேன். பொத்தான் உள்ளே போனால் வெளியே வராது. ஒரு வரி வாசிப்பதற்குள் காற்று தீர்ந்துபோகும். “ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுற மாதிரி இருக்குங்க” என்றாள் மனைவி. நாற்பத்தைந்து வயசுக்கு மேல் புதுசாக ஒரு வாத்தியம் கையில் ஏறாது என்று முடிவு கட்டி, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் அதைச் செஷனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் வாங்கினார். வாசிக்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், மறு பக்கத்தைத் தொங்கவிட்டார். இரண்டு நொடியில் துருத்தி தொப்பென்று கீழே விரிந்தது. தன்னுடையதையும் அதே மாதிரி பிடித்துக் காட்டினார். அது இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது. “உங்க கையில் ஒரு கோளாறும் இல்லை, பெட்டியில் ஓட்டை” என்றார். பழைய பெட்டியோ புதுசோ, எதைப் பார்த்தாலும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்.

அதற்கப்புறம் அவர் கேட்ட கேள்வி, நான் வாங்குவதற்கு முன்னால் என்னை நானே கேட்டிருக்க வேண்டியது: “உங்களுக்கு என்ன வாசிக்கணும்?”

கான்செர்ட்டினா என்பது ஒரு வாத்தியமே இல்லை. ஒரே மாதிரி உடம்பு கொண்ட மூணு வாத்தியம். ஒன்றில் பழகிய விரலை வைத்துக்கொண்டு இன்னொன்றில் ஒரு வரிகூட வாசிக்க முடியாது.

முதலாவது ஆங்கிலோ. இதன் மூலம் இங்கிலாந்து இல்லை, ஜெர்மனி. 1834இல் கெம்னிட்ஸ் நகரத்துக்காரர் கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஊலிக் செய்தது. தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். மவுத் ஆர்கன் ஊதியிருந்தால் உடனே புரிந்துவிடும், அமைப்பு அதேதான். அதில் சரளி வரிசை வாசித்தால் இப்படி வரும்: ஸ தள்ளு, ரி இழு, க தள்ளு, ம இழு, ப தள்ளு, த இழு, நி இழு, ஸ தள்ளு. கேட்கவே தலை சுற்றுதா? எனக்கும் சுற்றியது. ஆனால் இந்தத் தொல்லைதான் அதன் உயிர். கை மாறி மாறித் தள்ளி இழுப்பதால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தானாகவே ஒரு சின்ன உதைப்பு வந்துவிடுகிறது. ஆடுறவன் காலுக்கு வேண்டியது அதுதான். அயர்லாந்தின் கிளேர் பகுதியில் வீட்டு விசேஷ நடனங்களுக்கு இது வந்து உட்கார்ந்ததற்கு அந்த உதைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மலிவாகக் கிடைத்தது இன்னொரு காரணம். ஆங்கில மாரிஸ் நடனத்திலும் இதுதான் ராஜா. 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து ஹெடிங்டனில் வில்லியம் கிம்பர் என்ற செங்கல் கொத்தனார் மாரிஸ் ஆட்டத்துக்கு ஆங்கிலோ வாசித்ததைத் தற்செயலாகக் கேட்டவர் செசில் ஷார்ப். மறுநாளே கிம்பரை வரவழைத்து ட்யூன்களை எழுதி வாங்கிக்கொண்டார். ஆங்கில நாட்டுப்புற இசைச் சேகரிப்பில் அவர் இறங்கியதற்குத் தொடக்கம் அதுவே.

இரண்டாவது ‘இங்கிலீஷ்’. இதுதான் வீட்ஸ்டோனுடையது. அவங்க குடும்பமே லண்டனில் வாத்தியம் செய்து விற்ற குடும்பம். 1829இல் வாயால் ஊதும் ஒரு சின்னக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பொத்தான் அமைப்போடு துருத்தி சேர்ந்து கான்செர்ட்டினா ஆச்சு, 1844இல் அதற்கும் காப்புரிமை. தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே ஸ்வரம். விஞ்ஞானி இல்லையா, அதனால் அடுக்கிய விதத்திலும் ஒரு தர்க்கம்: மேற்கத்திய இசைக் குறிப்பில் கோட்டின் மேல் உட்காரும் ஸ்வரம் எல்லாம் இடது கை, கோடுகளுக்கு இடையில் உட்காரும் ஸ்வரம் எல்லாம் வலது கை. சரளி வரிசை இங்கே இடது, வலது, இடது, வலது என்று மத்தளம் வாசிக்கிற மாதிரி போகும். ஸ-க-ப மூன்றும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதால் கார்டு பிடிப்பது ரொம்ப சுலபம். விக்டோரியா காலத்து வரவேற்பறைகளில் கனவான்களும் சீமாட்டிகளும் வாசித்தது இதைத்தான். ஜூலியோ ரெகொன்டி மாதிரி மேதைகள் இதற்கென்றே கச்சேரி உருப்படிகள் எழுதினாங்க.

மூன்றாவது டூயட். தாழ்ந்த ஸ்வரம் இடது கை, உயர்ந்தது வலது கை, பியானோ மாதிரி. இதிலேயே மக்கான், கிரேன், ஹேடன் என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத உட்பிரிவுகள். டூயட் வாசிக்கிறவங்க தங்களுடையதுதான் உயர்ந்தது என்பாங்க. இருக்கலாம். நான் அந்தச் சண்டைக்குள் போகலை.

பெரியவர் சொன்ன யோசனை தெளிவானது: “அயர்லாந்து ட்யூன்தான் வேணும்னா ஆங்கிலோ வாங்குங்க.” நான் கேட்கவில்லை. சின்ன வயசில் பாட்டு டீச்சரிடம் இரண்டு வருஷம் கற்ற வரிசைகள் இன்னும் விரல் நுனியில் இருந்தன. ஒரு ஸ்வரத்துக்கு ஒரு பொத்தான் என்ற ஒழுங்குதான் என் மூளைக்கு ஒத்துவரும் என்று தோன்றியது. ஜாக்கி என்ற பெயரில் விற்கும், முப்பது பொத்தான் உள்ள ஆரம்பநிலை இங்கிலீஷ் பெட்டியை வாங்கினேன். கொஞ்சம் பருமன், பார்க்க அழகில்லை, ஆனால் காற்று ஒழுகாது. இரண்டு வாரத்தில் நான் ஒரு முழு ட்யூன் வாசித்தேன். ஆறு மாசம் என் மேல் நானே சுமத்திய பழி எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் இறங்கியது.

பிடிவாதத்துக்கு விலை இல்லாமல் இல்லை. என் ரீல்கள் ஒப்பிக்கிற பையன் மாதிரி நேராக, உப்பில்லாமல் வந்தன. ஆங்கிலோவில் இலவசமாக வரும் உதைப்பை இங்கிலீஷில் நாமே போட வேண்டும். எந்த அடியில் துருத்தியின் திசையைத் திருப்பணும், எந்த ஸ்வரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே வெட்டணும் என்று பழகுவதற்கு இரண்டு வருஷம் ஆச்சு. பாடுறவங்க எங்கே மூச்சு எடுக்கிறாங்க என்று கவனிப்பது மாதிரிதான். அதனால் யாராவது கேட்டால் நானும் பெரியவர் சொன்னதையே சொல்கிறேன்: நடன ட்யூன்தான் உயிர் என்றால் ஆங்கிலோ. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாசிக்கணும், பாட்டுக்குப் பின்னால் போகணும் என்றால் இங்கிலீஷ். விலையைப் பார்த்து மட்டும் வகையை முடிவு செய்யாதீங்க.

பிறகு ஆசை ஏறியது. பழைய கான்செர்ட்டினாக்களில் எஃகு ரீடுகளை ஒவ்வொன்றாகப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தி, மரப் பலகையில் வெட்டிய பள்ளங்களில் செருகியிருப்பாங்க. இன்றைய மலிவு விலைப் பெட்டிகளில் பெரும்பாலும் அக்கார்டியன் ரீடுதான். இரண்டும் ஸ்வரம் தப்பாமல் பேசும், ஆனால் பழையதில் ஒரு மணிச்சத்தம் கலந்திருக்கும். ஜெஃப்ரீஸ் பெயர் போட்ட பழைய ஆங்கிலோ என்றால் விலை ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். பழைய இங்கிலீஷ் வகை அந்த அளவுக்கு இல்லை. ஒரு வியாபாரியிடம் நாற்பத்தெட்டு பொத்தான் வீட்ஸ்டோன் ஒன்று பார்த்தேன். துருத்தி இறங்கவில்லை, பொத்தான்கள் தடையில்லாமல் போய்வந்தன, ரீடில் துரு இல்லை. சேமித்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் தேவகானம். ஞாயிற்றுக்கிழமை செஷனில் முதல் ஸ்வரத்திலேயே எல்லாரும் வில்லை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாங்க. அந்தக் காலத்தில் பிரிட்டனில் சுருதி இன்றைய 440ஐ விட உயரம், 452 பக்கம். அந்தச் சுருதியிலேயே இருந்த பெட்டியை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என் தலையில் கட்டியிருந்தார் வியாபாரி. வித்தியாசம் ஒரு அரைஸ்வரத்தில் பாதி. தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது, நாலு பேரோடு வாசித்தால் பல் கூசும். சுருதி மாற்றுவது என்றால் தொண்ணூற்றாறு ரீடையும் ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். அடிப்பக்கம் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியில் சுரண்டினால் ஏறும். பெட்டியின் விலையில் கிட்டத்தட்ட பாதி அதற்குப் போச்சு. வாங்கப் போகிறவங்க ட்யூனரைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்க. போனிலேயே இருக்கு, காசு கூட இல்லை. நான் எடுத்துப் போகலை.

ஒரு ஆறுதல் உண்டு. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் வீட்ஸ்டோன் கம்பெனியின் பழைய பேரேடுகள் பல இருக்கின்றன, இணையத்திலும் படமாகப் போட்டிருக்காங்க. பெட்டியின் வரிசை எண்ணை வைத்துத் தேடினால், ஏதோ ஒரு குமாஸ்தா கையெழுத்தில் அந்த வரி கிடைக்கும். என்னுடையது 1924. அன்று ராத்திரி அந்த ஒரு வரியை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீங்க.

இந்தப் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. ஒவ்வொரு ஸ்தாயியிலும் பன்னிரண்டுக்குப் பதில் பதினான்கு பொத்தான். டி ஷார்ப்புக்கு ஒன்று, இ ஃப்ளாட்டுக்குத் தனியாக ஒன்று. ஜி ஷார்ப், ஏ ஃப்ளாட்டும் அப்படியே. ஆர்மோனியத்தில் இவை ஜோடி ஜோடியாக ஒரே கட்டை. ஆரம்பகால கான்செர்ட்டினாக்களின் சுருதி முறையில் இவை உண்மையாகவே வேறு வேறு ஸ்வரங்கள், டி ஷார்ப் கொஞ்சம் கீழே, இ ஃப்ளாட் கொஞ்சம் மேலே. நம்மூர் கணக்கில் ஸட்ஜத்தை ஸியில் வைத்தால் இவைதான் ஷட்ஸ்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும். நாட்டையில் ஒன்று, கரகரப்ரியாவில் மற்றது. ஒரே ஸ்தானம், இரண்டு பெயர். பிறகு சம சுருதி வந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனால் பொத்தான்களை யாரும் எடுக்கவில்லை. என் பெட்டியில் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, சத்தம் ஒன்றேதான். எந்தக் கை சும்மா இருக்கிறதோ அதை வைத்து வாசித்துக்கொள்கிறேன்.

இதில் கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா என்று ஊரிலிருந்து கேட்கிறாங்க. நேர்மையாகச் சொன்னால், முடியாது. ரீடு வளையாது. காற்றைக் கூட்டினால் சத்தம்தான் கூடும், கமகம் வராது. கமகமில்லாத தோடியைக் கற்பனை செய்து பாருங்க. ஆனால் முத்துஸ்வாமி தீட்சிதர் நமக்கு ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நோட்டுஸ்வரங்கள். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரண ஸ்வரங்களில் ஸம்ஸ்கிருத வரிகள் போட்டவை. கமகம் வேண்டியதே இல்லை. ‘ஸந்ததம் பாஹிமாம்’ அப்படியே பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அதைப் பப்பில் வாசித்தால் யாராவது எழுந்து நின்றுவிடுவாங்களோ, அயர்லாந்துக்காரங்க எழுந்து போய்விடுவாங்களோ என்று பயந்து ‘சக்தி ஸஹித கணபதிம்’ எடுத்தேன். முதல் சுற்று நான் மட்டும். இரண்டாவதில் ஃபிடில் தயங்கித் தயங்கிச் சேர்ந்தது. மூன்றாவதில் பெரியவரின் ஆங்கிலோவும் வந்தது, அந்த உதைப்போடு. நான் இரண்டு வருஷம் பாடுபட்டதை அவர் அரை நிமிஷத்தில் போட்டுவிட்டார்.

“நல்லா இருக்கே, எந்தக் கவுண்டி ட்யூன்?” என்று கேட்டார் பாஞ்சோக்காரர்.

திருவாரூர் என்றேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.