தேர்தலால் ரெண்டுபட்ட கென்யா: ஆளுக்கு பாதி அதிகாரம் கொடுத்து கலவரத்தை நிறுத்தியது எப்படி?

ஆயுர்வேத சிகிச்சைக்காக கேரளா வந்திருந்த கென்யா நாட்டு முன்னாள் பிரதமர் ரெய்லா ஒடிங்கா, 2025 அக்டோபர் 15-ந் தேதி கூத்தாட்டுக்குளத்தில் மரணம் அடைந்தார். அவர் வகித்த பிரதமர் பதவிக்கு பின்னால் ஒரு ரத்தக்கறை படிந்த கதை இருக்கிறது. நாடே பற்றி எரிந்தபோது, அந்த தீயை அணைக்க உருவாக்கப்பட்ட பதவி அது.

அவசர பதவி ஏற்பு

கென்யாவில் 2007 டிசம்பர் 27-ந் தேதி அதிபர் தேர்தல் நடந்தது. அதிபர் மவாய் கிபாகியும், ஒடிங்காவும் மோதினார்கள். ஓட்டு எண்ணிக்கையில் முதலில் ஒடிங்காதான் முன்னணியில் இருந்தார். திடீர் திருப்பமாக 30-ந் தேதி, சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் கிபாகி ஜெயித்ததாக அறிவித்தார்கள். கையோடு கையாக அன்றே பதவி ஏற்பும் முடிந்தது.

"தில்லுமுல்லு நடந்து விட்டது" என்று ஒடிங்கா ஆதரவாளர்கள் கொதித்தனர். கிபாகி உண்மையில் ஜெயித்தாரா என்பது தனக்கே தெரியாது என்று தேர்தல் கமிஷன் தலைவரும் கைவிரித்து விட்டார்.

1,133 பேர் பலி

கிபாகி, கிகுயு இனத்தவர். ஒடிங்கா, லுவோ இனத்தவர். இதனால் கட்சி சண்டை இன சண்டையாக மாறியது. பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். எல்டோரெட் அருகே சர்ச்சில் தஞ்சம் புகுந்த பெண்களும், குழந்தைகளும் உயிரோடு எரிக்கப்பட்டனர். மொத்தம் 1,133 பேர் பலியானதாக விசாரணை கமிஷன் கூறியது. இதில் துப்பாக்கி குண்டுக்கு பலியானவர்கள் மட்டும் 405 பேர். லட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

இறங்கி வந்தது எப்படி?

ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோபி அன்னான் சமரசம் பேச வந்தார். ரெண்டு தரப்பும் லேசில் மசியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இழுபறி நீடித்தது. கடைசியில் 2008 பிப்ரவரி 28-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

கிபாகி விலக வேண்டும் என்ற பிடிவாதத்தை ஒடிங்கா விட்டார். தனி ஆளாக ஆளும் அதிகாரத்தை கிபாகி விட்டார். புதிதாக பிரதமர் பதவி உருவாக்கி ஒடிங்காவுக்கு கொடுத்தார்கள். எம்.பி.க்கள் பலத்தை பார்த்து மந்திரி பதவிகளையும் பங்கு போட்டார்கள்.

இதில் முக்கியமான விஷயம், பிரதமரை அதிபர் நீக்க முடியாது, பாராளுமன்றம்தான் நீக்க முடியும் என்பதாகும். 2002 தேர்தல் கூட்டணியின்போதும் ஒடிங்காவுக்கு பிரதமர் பதவி தருவதாக பேச்சு நடந்தது. ஜெயித்த பிறகு கொடுக்கவில்லை. அதனால் இந்த முறை வாய் வார்த்தையோடு விடாமல் சட்டமாகவே நிறைவேற்றினார்கள்.

தண்டனை இல்லை

சமரசத்துக்கு விலையும் இருந்தது. ரெண்டு பக்கமும் ஆட்களை திருப்திப்படுத்த 40 மந்திரிகள் நியமிக்கப்பட்டனர். "மக்கள் முகாமில் கிடக்க, இத்தனை மந்திரியா?" என்று எதிர்ப்பு கிளம்பியது.

ஆனாலும் இந்த கூட்டு அரசுதான் 2010-ல் புதிய அரசியல் சட்டம் கொண்டு வந்தது. அதிபர் தேர்தல் வழக்கை சுப்ரீம் கோர்ட்டு 14 நாளில் முடிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அதன்படி 2017 தேர்தலையே செல்லாது என்று கோர்ட்டு அறிவித்து பரபரப்பை ஏற்படுத்தியது. அப்போதும் மோதலில் உயிர்கள் போயின. ஆனால் 2008 போல நாடு சிதறவில்லை.

2008 கலவரம் தொடர்பாக சர்வதேச கோர்ட்டில் 6 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் ஒருவருக்குக்கூட தண்டனை கிடைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.