கறுப்புச் சதுரம் ஏறிய மூலை

பாரீஸில் பிக்காஸோவும் பிராக்கும் கிட்டாரையும் புட்டியையும் சில்லு சில்லாக உடைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். உடைத்தார்களே ஒழிய, இருவரும் கிட்டாரைக் கைவிடவில்லை. அதையும் கைவிடத் துணிந்தவர் கஸிமிர் மாலெவிச். 1879ல் கீவ் நகரில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். சர்க்கரை ஆலைகளில் வேலை பார்த்த அப்பாவோடு உக்ரைன் கிராமங்களில் வளர்ந்தவர்.

1915 டிசம்பர். உலகப் போர் நடந்துகொண்டிருக்க, பெத்ரோகிராதில் ‘0,10’ என்ற புதிரான பெயரில் ஒரு கண்காட்சி திறந்தது. மாலெவிச் மட்டும் 39 படங்கள் வைத்திருந்தார். வெறும் சதுரங்கள், பட்டைகள், வட்டங்கள். இதற்கு அவர் சூட்டிய பெயர் சுப்ரமாட்டிசம். கூடவே காட்சிக்கு வைத்த விளாதிமிர் தாத்லினுக்கு இது பொறுக்கவில்லை. தன் பகுதிக்குத் ‘தொழில்முறை ஓவியர்களின் அறை’ என்று பலகை மாட்டிக்கொண்டார்!

மாலெவிச்சின் அறையின் புகைப்படம் ஒன்று கிடைத்திருக்கிறது. படங்கள் சுவரெங்கும் தாறுமாறாகத் தொங்குகின்றன. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி, கறுப்புச் சதுரம். ரஷ்ய வீடுகளில் அது சாமி படம் வைக்கும் இடம். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் அந்த மூலையைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொள்வார்கள். மாலெவிச் என்ன செய்கிறார் என்பது அலெக்சாந்தர் பெனுவா என்ற விமர்சகருக்கு உடனே புரிந்துவிட்டது. மாதாவின் இடத்தில் இதையா வைக்கிறீர்கள் என்கிற தொனியில் காய்ச்சி எடுத்தார். சதுரத்தைப் புகழ்ந்த பலரைவிடத் திட்டிய அவர்தான் அதைச் சரியாகப் படித்தார் என்பேன்.

மாஸ்கோவின் த்ரெத்யகோவ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் பக்கத்துக்கு 79.5 செ.மீ. உள்ளே இருக்கும் கறுப்பு, ஸ்கேல் வைத்துப் போட்டதல்ல. பக்கங்கள் லேசாகக் கோணியிருக்கின்றன. பெயின்ட் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, இடுக்குகளில் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015ல் நடந்த ஆய்வில், அடியில் இரண்டு வண்ணப் படங்கள் இருப்பது தெரிந்தது. மாலெவிச்சோ இதை 1913ல் பிறந்ததாகக் கணக்கு வைத்தார். அந்த வருடம் ஓர் ஓபராவுக்கு அவர் போட்ட மேடை வரைவில் சதுரத்தின் கரு இருந்தது உண்மைதான். முதல்வன் யார் என்ற போட்டியில் ஓவியர்கள் தேதி போடுவதில் கொஞ்சம் தாராளம்.

ஆனால், சுப்ரமாட்டிசம் முதலில் ஊர் கண்ணில் பட்டது இந்தக் கண்காட்சியில் அல்ல. ஒரு மாதம் முன்பே, மாஸ்கோவில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில், துணியில்! உக்ரைனின் வெர்போவ்கா கிராமத்தில் நதாலியா தவிதோவா ஒரு தையல் கூடம் நடத்திவந்தார். அங்கிருந்த குடியானவப் பெண்கள் நவீன ஓவியர்களின் வரைவுகளை ஊசி நூலில் எடுத்தார்கள். மாலெவிச்சின் வடிவங்கள் கழுத்துத் துணியிலும் தலையணை உறையிலும் ஏறின. அரூப ஓவியம் ஊரோடு ஒட்டாத படித்தவர்களின் விளையாட்டு என்று சொல்கிறவர்கள் இந்தத் தலையணையைக் கணக்கில் எடுப்பதில்லை. கலை வரலாற்று நூல்களும் அதை அடிக்குறிப்பில்தான் வைக்கின்றன.

புரட்சிக்குப் பின் சதுரத்துக்குக் கொஞ்ச காலம் யோகம். 1919 இறுதியில் வீதெப்ஸ்க் கலைப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார் மாலெவிச். பள்ளியை நடத்திவந்த மார்க் ஷகாலின் மாணவர்களே இவர் பக்கம் சாய்ந்தார்கள்; ஷகால் மனம் கசந்து வெளியேறினார். மாணவர்கள் கறுப்புச் சதுரத்தைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஸ்டாலின் காலத்தில் காற்று திசை மாறியது. 1930ல் மாலெவிச்சைக் கைது செய்து விசாரித்தார்கள். அதற்கு முன்பே, 1927ல் பெர்லின் போனவர், கொண்டுபோன படங்களை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தார். நாஜிகள் ஆண்ட ஜெர்மனியில் அவை எப்படித் தப்பின என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)