வான்கோழி விருந்துக்கு ஓர் ஒத்திகை: முதல்முறை சமைப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

"ஏனுங்க, உள்ளே வெந்துருச்சுங்களா?"

முழு வான்கோழியை முதல்முறை சமைப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். கிறிஸ்துமஸ் அன்று உறவினர்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்த பிறகு இந்தச் சந்தேகம் வந்தால், சரிசெய்ய நேரம் இருக்காது. கோவையில் பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் வீடெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும், புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கும் இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. டிசம்பர் முதல் அல்லது இரண்டாவது ஞாயிறன்று நாலைந்து நண்பர்களைக் கூப்பிட்டு, ஓர் ஒத்திகை விருந்து வைத்துவிடலாம்.

வான்கோழி நமக்குப் புதுசா?

வான்கோழியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1612-ல் கோவாவிலிருந்து முகலாய அரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி கொண்டுவரப்பட்டது. அதை ஓவியர் மன்சூர் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. தமிழகத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற 'நந்தனம் வான்கோழி-1' என்ற ரகமும் பின்னாளில் உருவாக்கப்பட்டது. கருப்பு நாட்டு ரகத்தையும் 'பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட்' என்ற வெளிநாட்டு இனத்தையும் சேர்த்து உருவான கலப்பு இது.

ஒத்திகை எதற்கு?

பிராய்லர் கோழி சமைத்த கைப்பழக்கம் இங்கே முழுதாக உதவாது. வான்கோழி பெரிது. அதன் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் வறண்டுவிடும். கால்கறி வேக இன்னும் நேரம் பிடிக்கும். ஒன்று வெந்தால் இன்னொன்று வேகாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். இன்னொரு விஷயம், வீட்டு ஓடிஜி அடுப்புக்குள் பறவை நுழையுமா என்பது. வாங்குவதற்கு முன்பே தட்டை வெளியே எடுத்து அளந்து பார்ப்பது நல்லது.

முதல் முயற்சிக்குப் பெரிய சேவல் தேவையில்லை. சிறிய பெட்டைக் கோழியோ, கால் துண்டுகளோ போதும். எல்லாக் கடையிலும் உடனே கிடைக்காது என்பதால் கறிக்கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

எந்த நாளில் என்ன வேலை?

* உறைந்த பறவை என்றால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கரைக்க வேண்டும். சுமார் 2 கிலோவுக்கு ஒரு நாள் கணக்கு. 5 கிலோவுக்கு மூன்று நாள் ஒதுக்கலாம். வெளியே வைத்துக் கரைப்பது கிருமிகள் பெருக வழிவிடும்.
* முந்தைய நாளே உப்பும் மிளகும் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் கறிக்குள் உப்பு இறங்கும், ஈரமும் நிற்கும்.
* மஞ்சள் போட்டுக் கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். குழாயடியில் பிடித்தால் தண்ணீர் தெறித்து கிருமிகள் பரவும். கழுவியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் வைத்து மெதுவாகக் கழுவி, பிறகு தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.
* 165 டிகிரி செல்சியஸில், வயிற்றுக்குள் எதுவும் அடைக்காத 4 முதல் 5 கிலோ பறவைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும்.

வெந்ததை எப்படி அறிவது?

நிறத்தை நம்பக் கூடாது. மேல்தோல் சிவந்திருந்தாலும் எலும்போரம் பச்சையாக இருக்கலாம். கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை நெஞ்சின் தடித்த பகுதியிலும் தொடையிலும் எலும்பில் படாமல் செருகினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அப்போதுதான் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழியும். நெஞ்சு முன்பே சிவந்துவிட்டால் அதன்மேல் மட்டும் அலுமினியத் தாளை மூடலாம். இறக்கியதும் வெட்டாமல் இருபது நிமிடம் விட்டால் சாறு கறியிலேயே தங்கும்.

ஓவன் இல்லையே?

கவலை வேண்டாம்ங்க. கறியைத் துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் குக்கரில் மெத்தென்று வேகவிட்டு, பள்ளிபாளையம் பாணியில் பிரட்டலாம். சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப் பல் இருந்தால் வேலை முடிந்தது. வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ரசம் வைக்கலாம்.

நண்பர்களுக்கும் வேலை உண்டு

ஒருவர் அரிசிம்பருப்பு சாதம், ஒருவர் தயிர் பச்சடி என்று பிரித்துக்கொண்டால் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் வயிறு நிறையும். இன்னொருவர் கையில் நோட்டு இருக்கட்டும். அடுப்பில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், உப்பின் அளவு எல்லாம் அதில் ஏற வேண்டும். மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று, நான்கு நாளுக்குள் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடலாம்.

கறி வறண்டு போனாலும் நண்பர்கள் கிண்டல் செய்துகொண்டே குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிடுவார்கள். எங்கே தப்பியது என்பது நோட்டில் இருக்கும். பண்டிகையன்று அடுப்பு முன் நிற்கும்போது அதுவே தைரியம் தரும்.