எல்.இ.டி. பல்பு: மிச்சம் எங்கே, சிக்கல் எங்கே?

60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பே தந்துவிடுகிறது. எப்படி?

குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்தால்தான் ஒளிரும். வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். எல்.இ.டி.யில் அப்படிக் காய வேண்டிய இழையே இல்லை. குறைகடத்திச் சில்லுக்குள் எலெக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து இறங்கும்போது நீல ஒளி பிறக்கிறது. சில்லின் மேல் பூசிய ஒளிர்பொருள் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.இ.டி.க்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

தினமும் 5 மணி நேரம் எரிந்தால், குண்டு பல்புக்கு மாதம் 9 யூனிட் ஆகும், எல்.இ.டி.க்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. சி.எஃப்.எல். போல உடைந்தால் பாதரசம் சிந்தும் பயமும் இல்லை.

பிறகு ஏன் சில பல்புகள் சீக்கிரமே போய்விடுகின்றன? பெரும்பாலும் பழுதாவது சில்லு அல்ல. அடிப்பகுதியில் இருக்கும் டிரைவர் சர்க்யூட். அதிலுள்ள கெப்பாசிட்டர், சூடு ஏற ஏற உள்ளே காய்ந்து வலுவிழக்கிறது. மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டினால் ஆயுள் இன்னும் குறையும்.

சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அணைத்த பிறகும் சில பல்புகள் மங்கலாக மினுங்கும். இண்டிகேட்டர் வழியே கசியும் சொற்ப மின்சாரமே காரணம்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் லூமென் அளவையும் உத்தரவாதக் காலத்தையும் பாருங்கள். படுக்கையறைக்கு 3000 கெல்வின் வார்ம் ஒயிட் கண்ணுக்கு இதம்.